அக்கா கொடுக்காத லேப்டாப்

2012-ம் வருஷம் மாசி மாசத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு லேப்டாப் வந்தது. அக்காவுக்கு அரசாங்கம் கொடுத்தது. அவள் அப்போது திருக்கோவிலூரில் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள், நான் ஏழாவது. பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டு, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்களாம். சைக்கிள் கேரியரில் வைத்தால் குலுங்கும் என்று அக்கா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தே வந்தாள். அவளுடைய சைக்கிளைத் தோழி தள்ளிக்கொண்டு வந்தாள். அம்மா சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்தாள். மூடி மேலே முதலமைச்சர் படம் இருந்ததால் பொட்டை எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, கடைசியில் ஓரமாக வைத்தாள்.

அந்த லேப்டாப்பில்தான் நான் கம்ப்யூட்டர் கேம் ஆடக் கற்றுக்கொண்டேன். யார் கேட்டாலும் “அக்கா குடுத்தது” என்பேன். பத்து வருஷத்துக்கும் மேலாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் ‘குடுத்தது’ என்ற சொல் பொய் என்று போன பொங்கலுக்குத்தான் எனக்கு உறைத்தது. அதனால் இந்தக் கதையை முதலில் இருந்து ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

*

இலவச லேப்டாப் 2011 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. கொடுத்த வாக்குறுதி. ஆட்சிக்கு வந்ததும் அந்த வருஷம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் திட்டமும் அதே நாளில்தான் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படிக்கிற பிள்ளைகளுக்காக எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கியது. முதல் வருஷத்துக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல். 2019-20 வரை மொத்தம் 50 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போயின.

ஐம்பது லட்சம் என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு லேப்டாப் ஒரு வீட்டுக்குள் வந்தால் அதில் தம்பி, தங்கை, சித்தப்பா பையன், எதிர் வீட்டுப் பையன் எல்லாரும் உண்டு. பதிவேட்டில் ஒரு கையெழுத்துதான் இருக்கும். விசைப்பலகையில் பத்துப் பேர் கை இருக்கும். தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் கேமின் வரலாற்றை யாராவது எழுதினால் சென்னையின் கேமிங் சென்டர்களைவிட இந்தத் திட்டத்துக்குத்தான் பெரிய அத்தியாயம் ஒதுக்க வேண்டியிருக்கும். கேம் ஆடுவதற்காக யாரும் அதைக் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எங்களுக்கு வந்ததில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்தால் கருப்புத் திரையில் ரெண்டு பெயர் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். விண்டோஸ் 7-இலேயே ஆகக் குறைந்த பதிப்பு அது. டெஸ்க்டாப் படத்தைக்கூட மாற்ற முடியாது. உலகளந்த பெருமாள் படத்தை வைக்கச் சொல்லி அம்மா ஒரு வாரம் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். இன்னொன்று பாஸ். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். சென்னையில் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கி, 2007-இல் வெளியிட்டது. தமிழிலேயே மெனு வரும், தமிழில் தட்டச்சு செய்யலாம். “படிக்கிற புள்ளைங்களுக்குப் பாஸ், ஃபெயிலாவறவனுக்கு விண்டோஸ்” என்று அக்கா சொல்வாள். நான் விண்டோஸ்.

ரெண்டு பேருக்கும் ஒரே மெஷின், ரெண்டு கதவு. ஒருவர் கதவுக்குள் இன்னொருவர் போகவே மாட்டோம்.

*

அந்த வருஷம் ஞாபகம் இருக்கிறவர்களுக்குக் கரண்ட் கட் ஞாபகம் இருக்கும். 2012-இல் சென்னை தவிர்த்த ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்தது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். கரண்ட் போனால் டிவி நின்றுவிடும், பெரியவர்கள் விசிறியோடு வாசலுக்குப் போய்விடுவார்கள். லேப்டாப் மட்டும் ஓடும். புது பேட்டரி மூணு மணி நேரம் தாங்கியது. இருட்டில் ஒரு செவ்வக வெளிச்சம், அதைச் சுற்றிப் பையன்கள். எங்கள் தெருவில் கேம் என்பது கரண்ட் கட்டில் பிறந்தது.

எங்கள் வீட்டில் லேப்டாப் சார்ஜ் போடத் தோதான பிளக் ரேழியில்தான் இருந்தது. வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சின்ன நடை. திருக்கோவிலூர்க்காரர்களுக்கு ரேழி என்றால் உடனே முதலாழ்வார் கதை ஞாபகம் வரும். மழை இரவில் பொய்கையாழ்வார் ஒரு இடைகழியில் ஒதுங்குகிறார். ஒருவர் படுக்க இடம் இருக்கிறது. பூதத்தாழ்வார் வர, ரெண்டு பேரும் உட்காருகிறார்கள். பேயாழ்வார் வர, மூணு பேரும் நிற்கிறார்கள். அப்புறம் கண்ணுக்குத் தெரியாத நாலாவது ஆள் ஒருவர் இடையில் புகுந்து நெருக்குகிறார். அது பெருமாள். எங்கள் ரேழியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நான் மட்டும் என்றால் குப்புறப் படுத்து ஆடுவேன். பக்கத்து வீட்டுப் பையன் வந்தால் உட்காருவோம். அவனுடைய அண்ணன் பென் டிரைவோடு வந்தால் எழுந்து நின்று, லேப்டாப்பைத் திண்டு மேல் வைத்து முறை போட்டு ஆடுவோம்.

பென் டிரைவில் என்ன வந்ததோ அதுதான் எங்களுக்குக் கேம் உலகம். முதலில் ரோட் ராஷ். பைக் ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வருகிறவனைச் சங்கிலியால் அடிக்கலாம். 1991-இல் சேகா ஜெனிசிஸ் கருவிக்காக வந்த கேம், எங்களிடம் இருந்தது 1996-இல் விண்டோஸுக்கு வந்த பதிப்பு. அப்புறம் பிராஜெக்ட் ஐஜிஐ. 2000 டிசம்பரில் வெளியானது. நார்வே நாட்டில் இன்னர்லூப் என்ற சின்ன நிறுவனம் செய்தது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: அதில் நடுவில் சேவ் பண்ண முடியாது. ஒரு கட்டத்தை ஆரம்பித்தால் முடிக்க வேண்டும், செத்தால் முதலில் இருந்து. பேட்டரி பத்து சதவீதத்தில் இருக்கும்போது எதிரி முகாமின் கடைசி மதில் வரை போய்விட்டு, கரண்ட் எப்போது வரும் என்று வாசலில் இருக்கிற அப்பாவிடம் கத்திக் கேட்ட பையன்கள் தமிழ்நாடு முழுக்க இருந்திருப்பார்கள்.

அதற்கப்புறம் ஜிடிஏ வைஸ் சிட்டி. 2002-இல் பிளேஸ்டேஷன் 2-க்கும் 2003-இல் கம்ப்யூட்டருக்கும் வந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சீட் கோடுகளை எழுதி வைத்திருந்தேன். பான்சர் என்று அடித்தால் பீரங்கி வண்டி வரும். ஆஸ்பிரின் என்று, கடைசியில் ஒரு ‘ஈ’ சேர்த்து, அடித்தால் உயிர் நிரம்பும். லீவ் மீ அலோன் என்று பன்னிரண்டு எழுத்தை இடைவெளி இல்லாமல் அடித்தால் போலீஸ் தொல்லை குறையும். ஆங்கில ஸ்பெல்லிங்கை நான் பயப்படாமல் எழுதக் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

எங்களுக்கு வந்த வைஸ் சிட்டி வெட்டிச் சுருக்கிய பிரதி. பென் டிரைவில் அடங்க வேண்டும் என்பதற்காக யாரோ ரேடியோப் பாட்டுகளையும் கதை சொல்கிற காட்சிகளையும் எடுத்துவிட்டிருந்தார்கள். எங்கள் வைஸ் சிட்டியில் காருக்குள் ஏறினால் என்ஜின் சத்தம் மட்டும்தான். நாயகன் யார், எதற்காகச் சுடுகிறான் என்று தெரியாது. நாங்களே ஒரு கதை வைத்திருந்தோம், அதில் அவன் தம்பியைத் தேடி வந்தவன். அந்த கேமின் பெரிய புகழே அதன் எண்பதுகளின் பாட்டுகள்தான் என்று கல்லூரிக்குப் போன பிறகு யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

2013 செப்டம்பரில் ஜிடிஏ வரிசையின் ஐந்தாவது வெளியாகி மூணே நாளில் நூறு கோடி டாலருக்கு விற்றது. அதே மாசம் நாங்கள் பத்து வருஷம் பழசான வைஸ் சிட்டியில் மழையில் நின்றுகொண்டு இருந்தோம். எங்கள் ஊருக்கு கேம்கள் வெளியான வரிசையில் வரவில்லை. மெஷின் தாங்குகிற வரிசையில் வந்தன. ஒருவர் போட்டுக் கழித்த சட்டையை இன்னொருவர் போடுகிற மாதிரி, உலகம் ஆடி முடித்ததை நாங்கள் ஆடினோம். அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. சட்டை புதுசா பழசா என்று ரேழியில் யாருக்குத் தெரியும்?

*

இப்போது நான் சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். வேலை சம்பந்தமாக ஆரம்பித்து, கம்ப்யூட்டர் கேமின் வரலாற்றைப் படிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. படிக்கப் படிக்க ஒரு விஷயம் என்னை விடவில்லை. கம்ப்யூட்டர் கேம் பிறந்ததே கைமாறி வந்த மெஷினில்தான்.

அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அந்த எம்.ஐ.டி. அங்கே 1950-களின் கடைசியில் ஐபிஎம் 704 என்ற பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. மாணவர்கள் அதைத் தொட முடியாது. அட்டையில் துளை போட்டு ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முக்கியமான வேலைக்கான மெஷின், அதனால் காவல்.

1958-இல் இன்னொரு மெஷின் வந்தது. பெயர் டிஎக்ஸ்-0. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த லிங்கன் ஆய்வகம் டிரான்சிஸ்டர்களை வைத்துக் கட்டிய ஆரம்பகாலக் கம்ப்யூட்டர். அடுத்த மாடலான டிஎக்ஸ்-2-க்காக இதன் நினைவகத்தில் பெரும்பகுதியைக் கழற்றிக்கொண்டு, மிச்சத்தை நீண்டகாலக் கடனாக வளாகத்துக்கு அனுப்பினார்கள். 64 ஆயிரம் சொற்கள் பிடித்த நினைவகத்தில் 4 ஆயிரம்தான் மிச்சம். அண்ணன் பிரித்துப் போட்டுவிட்டுக் கொடுத்த சைக்கிள் மாதிரி. ஆனால் அதை யாரும் பெரிதாகக் காவல் காக்கவில்லை. நேரம் பதிந்துகொண்டு நேராக உட்காரலாம். ராத்திரி யாராவது வராவிட்டால் அந்த இடத்தில் இன்னொருவர் நுழையலாம். ரயில் மாடல் செய்கிற மாணவர் சங்கத்துப் பையன்கள் அப்படித்தான் நுழைந்தார்கள். அந்த மெஷினில் ‘மவுஸ் இன் தி மேஸ்’ என்று ஒன்று ஓடியது. திரையில் ஒளிப்பேனாவால் சுவர் வரைந்தால், ஒரு எலி சீஸைத் தேடி உள்ளே போகும்.

1961-இல் டெக் என்ற நிறுவனம் தன் பிடிபி-1 கம்ப்யூட்டர் ஒன்றை எம்.ஐ.டி.க்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. டிஎக்ஸ்-0 இருந்த அறைக்குப் பக்கத்து அறையில் வைத்தார்கள். ஒன்றேகால் லட்சம் டாலர் பக்கம் விலை பெறும் மெஷின், இலவசம். அதில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 1962-இல் ‘ஸ்பேஸ்வார்’ எழுதினார்கள். ரெண்டு விண்கலங்கள், நடுவில் இழுக்கிற நட்சத்திரம், ரெண்டு பேர் ஆடலாம். பீட்டர் சாம்சன் நிஜ வானத்தின் நட்சத்திரங்களைப் பின்னணியில் சேர்த்தார். பிற்பாடு டெக் நிறுவனமே புது மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அந்த கேமைப் பயன்படுத்தியது.

இதைப் படித்தபோது எனக்கு சாமியானாவும் பதிவேடும்தான் ஞாபகம் வந்தது. இலவசமாக வந்த மெஷின், யாரும் காவல் இல்லாத நேரம், பையன் கூட்டம், அதில் ஒரு கேம். எம்.ஐ.டி. பக்கத்து அறைக்கும் எங்கள் ரேழிக்கும் பெரிய தூரம் இல்லை என்று தோன்றியது. அவர்கள் எழுதினார்கள், நாங்கள் ஆடினோம், அவ்வளவுதான் வித்தியாசம் என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன். நண்பர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்: உடையவன் முடித்துவிட்ட மெஷினில்தான் விளையாட்டு பிறக்கும் என்று.

அந்த வாக்கியத்தில் எங்கள் வீட்டுக்குப் பொருந்தாத ஒரு சொல் இருக்கிறது. முடித்துவிட்ட. அக்கா அந்த லேப்டாப்பை முடிக்கவில்லை.

*

பன்னிரண்டாவது முடித்து அக்கா விழுப்புரத்தில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள். காலையில் ஏழு மணி பஸ், திரும்பி வர சாயங்காலம் ஆறு. அவள் வரும்போது ரேழியில் நாங்கள் மூணு பேர் நின்றுகொண்டிருப்போம். “நகருங்கடா” என்று தாண்டி உள்ளே போவாள். போய் முகம் கழுவி, பாத்திரம் தேய்த்து, அம்மாவோடு சமையல். சாயங்காலம் முழுக்க லேப்டாப் என்னிடம். அவள் கேட்டதில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். கேட்க நேரம் இல்லை என்பதே சரி. விடிகாலை நாலரைக்கு எழுந்து, பஸ்ஸுக்கு முன்னால் ஒரு மணி நேரம் பாஸ் பக்கம் உட்காருவாள். பென் டிரைவில் வந்த வைரஸ் விண்டோஸ் பக்கத்து ஃபோல்டர்களை எல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. பாஸில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் தன்னுடையதை எல்லாம் அங்கே வைத்தாள்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கு நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். சமச்சீர் புத்தகங்கள் ஆறாவதில் இருந்து பத்தாவது வரை வரிவரியாகப் படித்து, அரசியலமைப்பு, வரலாறு, பொதுத்தமிழ் என்று தலைப்புப் பிரித்து, தமிழில் தட்டச்சு செய்து. ஒரு வருஷ வேலை. நூற்று நாற்பது பக்கம்.

2014 ஆடி மாசம். சான் ஆண்ட்ரியாஸ் முழு கேம், வெட்டாத பிரதி, டிவிடியில் கிடைத்தது. சி டிரைவும் டி டிரைவும் படங்களால் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டின. பென் டிரைவ் அண்ணன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து காட்டினான். வரிசையாகக் கட்டங்கள். கடைசியில் அறுபது ஜிபி கட்டம் ஒன்று. அதற்கு டிரைவ் எழுத்தும் இல்லை, பெயரும் இல்லை.

“இது இன்னாடா?”

“தெரியல. சும்மா கெடக்குது.”

அழிக்கச் சொல்லி அழுத்தினேன். ஒரு பெட்டி வந்தது. இந்தப் பகுதியை உருவாக்கியது விண்டோஸ் இல்லை, வேறு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் புரிகிற தகவல் இதில் இருக்கலாம், நிச்சயமாக அழிக்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. பன்னிரண்டு எழுத்து சீட் கோடைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கத் தெரிந்த நான் அந்த ரெண்டு வரியைப் படிக்கவில்லை. எஸ் கொடுத்தேன். ஈ டிரைவ் என்று புதுசாக ஒன்று வந்தது. சான் ஆண்ட்ரியாஸ் ஏறியது. ராத்திரி பத்து மணி வரை ஆடிவிட்டு மூடி வைத்தேன்.

மறுநாள் விடிகாலை அக்கா ஆன் செய்தபோது ரெண்டு பெயர் வரவில்லை. கருப்புத் திரையில் அப்படி ஒரு பகுதியே இல்லை என்று ஒரு வரி, அதற்குக் கீழே ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி, துடிக்கிற ஒரு கோடு. ரெண்டு சிஸ்டத்தில் எது வேண்டும் என்று கேட்கிற சின்ன நிரலின் முக்கால்வாசி நான் அழித்த கட்டத்துக்குள்தான் இருந்தது. அது போனதும் விண்டோஸுக்கும் வழி தெரியவில்லை. என்னை எழுப்பினாள். “டேய், இன்னா பண்ண?” சத்தம் போடவில்லை. நான் சொன்னேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: “அந்த எடத்துல உனக்கு இன்னா வெக்க வேண்டி இருந்துச்சு?” நான் பதில் சொல்லவில்லை.

அப்பா அரிசி மில்லில் மூட்டை எடை போடுகிறவர். முன்னூற்றைம்பது ரூபாய் கொடுத்தார். ஊரில் ஒரு கடையில் மொத்தத்தையும் துடைத்துவிட்டு விண்டோஸ் 7 அல்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்து திறந்தபோது முதலில் கவனித்தது, இப்போது டெஸ்க்டாப் படத்தை மாற்ற முடிகிறது. அன்றைக்கே வைஸ் சிட்டி படத்தை வைத்தேன். அம்மா கேட்ட பெருமாள் படம்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

இன்றைக்கு என் வேலையால் ஒன்று தெரியும். கட்டத்தை அழிக்கும்போது உள்ளே இருப்பது உடனே அழியாது. அட்டவணையில் இருந்து அதன் பெயர்தான் போகும். நான் கேம் ஏற்றியதில் கொஞ்சம் சிதைந்திருக்கும். ஆனாலும் இலவசமாகக் கிடைக்கிற டெஸ்ட்டிஸ்க் மாதிரி ஒரு கருவியை அந்தக் காலையில் ஓடவிட்டிருந்தால் நூற்று நாற்பது பக்கமும் திரும்பக் கிடைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. மொத்தத்தையும் துடைத்து மேலே புதுசாக எழுதியதும் அந்த வாய்ப்பும் போனது.

அக்கா இருநூறு பக்க நோட்டு வாங்கிக் கையால் மறுபடி எழுத ஆரம்பித்தாள். அந்த வருஷக் கடைசியில் குரூப் 4 தேர்வு எழுதினாள். கிடைக்கவில்லை. லட்சக்கணக்கில் எழுதுகிற பரீட்சை, கிடைக்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. 2016-இல் சங்கராபுரத்தில் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். சீர் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது லேப்டாப் ரேழியிலேயே இருந்தது. “தம்பிக்கு விட்டுட்டுப் போறா பாரு” என்று பெரியம்மா சொன்னாள். அப்படித்தான் அது எனக்குக் ‘கொடுக்கப்பட்டது’. அக்கா வாயில் இருந்து அந்தச் சொல் வந்த மாதிரி எனக்கு ஞாபகமே இல்லை.

*

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். இதற்கிடையில், 2019 நவம்பரில், எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு மாறியிருந்தது. ரேழி அப்படியே இருந்தது. அக்காவும் வந்திருந்தாள், ஏழு வயசு மகளோடு. குழந்தைக்குக் காட்டலாம் என்று பரணில் இருந்து லேப்டாப்பை இறக்கினேன். பேட்டரி செத்திருந்தது. மூடியில் இருந்த முதலமைச்சர் படம் பாதி உரிந்திருந்தது. சார்ஜர் ஒன்று வாங்கிப் போட்டு, பழைய மெஷின் தாங்குகிற மாதிரி லேசான லினக்ஸ் ஒன்றை ஏற்றினேன். ரெண்டு நிமிஷம் யோசித்துவிட்டு எழுந்து நின்றது.

அக்கா கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். “பாஸ் மாதிரி இருக்கே” என்றாள். அப்புறம், “அதுல ஒரு மைன்ஸ் இருந்துச்சு. கட்டம் கட்டமா, குண்டு எங்க இருக்குன்னு கண்டுபுடிக்கணும். அது இதுல இருக்கா?”

ஏற்றிக் கொடுத்தேன். உட்கார்ந்தாள். 16-க்கு 16 கட்டம், நாற்பது குண்டு. கை போன வேகத்தைப் பார்த்து நான் பேசாமல் இருந்தேன். மடியில் இருந்த மகளுக்குச் சொல்லிக்கொண்டே ஆடினாள்: “ஒண்ணு ரெண்டு ஒண்ணுன்னு வரிசையா வந்துச்சுன்னா, ரெண்டு ஒண்ணுக்கும் நேரா குண்டு இருக்கும். நடுவுல இருக்கறத தைரியமா தொறக்கலாம்.”

நான் படித்த கேம் வரலாறுகளில் இந்த மாதிரி கேம்கள் ஓரமாக ஒரு பத்தி வரும். விண்டோஸ் சாலிட்டேர் 1990-இல் வந்தது, மைக்ரோசாஃப்டில் பயிற்சி வேலைக்கு வந்த வெஸ் செர்ரி எழுதியது, அதற்காக அவருக்குத் தனியாகக் காசு கிடைக்கவில்லை. மவுஸைப் பிடித்து இழுக்க ஜனங்கள் கற்றுக்கொண்டது அதில்தான் என்பார்கள். மைன்ஸ்வீப்பர் 1992-இல் விண்டோஸ் 3.1-உடன் வந்தது. லினக்ஸில் இருப்பது அதன் ஒன்றுவிட்ட தங்கை. யாரும் இதை ஆடுகிறவரைக் கேமர் என்று சொல்வதில்லை. இதற்குப் பென் டிரைவ் வேண்டாம், நண்பர்கள் கூட்டம் வேண்டாம். மெஷினோடு வந்துவிடும். ரெண்டு நிமிஷம் கிடைத்தால் போதும்.

“எப்ப ஆடுவ?” என்றேன்.

“நீ தூங்குனதுக்கப்புறம். கரண்ட் கட்டுல எல்லாரும் வெளிய படுத்திருப்பீங்க இல்ல, அப்போ. சத்தம் வராத கேமு, அதான்.”

நாங்கள் மூணு பேர் நின்ற அதே ரேழியில் நாலாவதாக ஒரு ஆள் ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள். எங்களுக்குத் தெரியவே இல்லை. எம்.ஐ.டி. கதையில் வருகிற பெயர்கள் எல்லாம் ஆண்களின் பெயர்கள். ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தால் பாத்திரம் யார் தேய்ப்பது என்று யாரும் கேட்காதவர்கள். என்னையும் யாரும் கேட்கவில்லை. மெஷின் சும்மா கிடந்தது என்று நாங்கள் நினைத்த நேரத்திலும், கட்டம் சும்மா கிடக்கிறது என்று நினைத்த இடத்திலும் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

“நோட்ஸ் போனதுக்கு எம்மேல கோவமே இல்லியாக்கா?” பத்து வருஷம் கழித்துக் கேட்டேன்.

திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. “நோட்ஸ மறுபடி எழுதிட்டேன்டா. மைன்ஸ்ல ஸ்கோர் லிஸ்ட் இருக்கும் பாரு, பத்து எடமும் என்னுதுதான். மொத எடம் நூத்திப் பதினெட்டு செகண்ட். அத எழுதி வெக்க முடியுமா?”

கடைசிக் கட்டத்தைத் திறந்தாள். 171 செகண்ட். “வெரலு துருப்புடிச்சிப் போச்சு” என்று சிரித்தாள்.

சாயங்காலம் சங்கராபுரம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, லேப்டாப்பையும் சார்ஜரையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பேட்டரி இல்லாததால் பிளக்கைப் பிடுங்கினால் அணைந்துவிடும் என்று மட்டும் சொன்னேன். “தெரியும்” என்றாள்.

பத்து நாள் கழித்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. மைன்ஸ் ஸ்கோர் பட்டியல், முதல் இடம் 139. கீழே ஒரு வார்த்தையும் இல்லை. அடுத்த வாரம் இன்னொன்று, 126. நான் கட்டைவிரல் ஒன்றை அனுப்பினேன். 118 இன்னும் வரவில்லை.